சீட்டு என்றால் எந்தச் சீட்டு?

(தோட்ட வாசிகசாலையில் பெற்றோருக்கும் இளைஞர் கழகத்தினருக்கும் நடந்த சுகாதாரக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய பேச்சு. பேசியபடியே, சிறு திருத்தங்களுடன் இங்கே தரப்படுகிறது.)



கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, பிள்ளை மடுவத்தில் இருந்து பிள்ளையையும் தூக்கிக்கொண்டு, உடுப்புக்கூட மாற்றாமல் நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். இன்றைக்குப் பேச வந்தது, நம்முடைய பிள்ளைகள் காசு வைத்து விளையாடுவதைப் பற்றி. அது கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. அதைக் கோயில் பூசாரியில் இருந்து பள்ளிக்கூட வாத்தியார் வரைக்கும் எல்லாரும் சொல்லியாச்சு. ஒரு பிள்ளை சும்மா பொழுதுபோக்குக்கு விளையாடுகிறதா, இல்லை அதில் மாட்டிக்கொண்டு விட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு என்ன கேள்வி கேட்பது? அந்தக் கேள்வியை எந்தத் தமிழில் கேட்பது? அதுதான் இன்றைய பேச்சு. இதில் நானே ஒரு பெரிய பிழை விட்டிருக்கிறேன். அதை மறைக்காமல் முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷத்துக்கு முந்தி, இங்கே இல்லை, வேறொரு தோட்டத்தில், வளர்ந்த பிள்ளைகளிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தோம். பன்னிரண்டு கேள்வி. ஆங்கிலத்தில் இருந்ததை ஒரே இரவில் உட்கார்ந்து தமிழாக்கினது நான்தான். "சீட்டு, பந்தயம், சூதாட்டம்" என்று எழுதினேன். நல்ல தமிழ்தான், ஒரு பிழையும் இல்லை என்று நினைத்தேன்.

தாள்கள் திரும்பி வந்தன. ஒரு பையன், பதினாறு வயது, நாலு கேள்விக்கு "ஆம்" போட்டிருந்தான். அந்தத் தாளின் கணக்குப்படி நாலு "ஆம்" என்றால் பிரச்சினையான பிள்ளை. அன்றைக்கே லயத்துக்குப் போய் அந்த அம்மாவிடம் சொன்னேன். வாசலில் நின்று சொன்னேன். அதுதான் இரண்டாவது பிழை. லயத்துச் சுவர் எவ்வளவு தடிப்பு என்று உங்களுக்குத் தெரியாதா? பொழுது சாய்வதற்குள் தொங்கல் வீடு வரைக்கும் "அவன் சூதாடுறானாம், காரியாலயத்தில இருந்து மிஸ் வந்து சொல்லிட்டுப் போகுது" என்று பேச்சு. பையன் இரண்டு கிழமை பள்ளிக்கூடம் போகவில்லை.

பிறகுதான் உண்மை தெரிந்தது. அந்த அம்மா லயத்தில் சீட்டுப் பிடிக்கிறவர். மாதம் மாதம் காசு சேர்த்து ஆளுக்கு ஒரு தடவை எடுக்கிற சீட்டு, நம்ம பெண்கள் பிடிக்கிறார்களே, அதுதான். பையன்தான் வீடு வீடாகப் போய்க் காசு வாங்குவான். தாள் கேட்டது, சீட்டுத் துண்டை வீட்டில் யாருக்கும் தெரியாமல் மறைத்தாயா என்று. மறைத்தான். அப்பா கண்ணில் பட்டால் காசு சாராயக் கடைக்குப் போய்விடும் என்று அம்மாதான் மறைக்கச் சொன்னார். சீட்டுக் காசால் வீட்டில் சண்டை வந்ததா? வந்தது. சீட்டுக்காகக் கடன் வாங்கினாயா? ஒருத்தர் கட்டாத மாதம் கடையில் வாங்கி வந்து நிரப்பினான், அந்தக் கடன் இன்னும் அப்படியே நிற்கிறது. சீட்டால் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டாயா? சம்பளத்தன்றைக்குக் காசு பிரிக்கப் போனதால் போகவில்லை. நாலும் ஆம். பிள்ளை ஒரு வார்த்தை பொய் எழுதவில்லை. கேள்விதான் பொய்யான கேள்வி.

இன்னொரு பையன் பன்னிரண்டுக்கும் "இல்லை" போட்டிருந்தான். அவனைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. மூன்று மாதத்துக்குப் பிறகு அவனுடைய அம்மாவின் தோடு டவுனில் அடகுக் கடையில் இருந்தது. போனில் கிரிக்கட் மேட்சுக்குக் காசு கட்டி, போனதைப் பிடிக்கத் திரும்பக் கட்டி, அப்படியே போயிருக்கிறது. "ஏன்டா தம்பி, எல்லாத்துக்கும் இல்லைனு எழுதினே?" என்று கேட்டேன். "நான் சூதாடலயே மிஸ். சூதுன்னா தருமர் ஆடினது. நான் போன்ல மேட்ச்தானே போட்டேன்" என்றான். அவனும் பொய் எழுதவில்லை.

அந்த இரண்டு தாளையும் நான் இன்றைக்கும் வைத்திருக்கிறேன்.

இந்தக் கேள்விகள் எங்கிருந்து வந்தன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். 1987-இல் அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலத்தில் சவுத் ஓக்ஸ் என்ற ஆஸ்பத்திரியின் பெயரில் ஒரு கேள்வித்தாள் வெளிவந்தது. செய்தவர்கள் லெசியர், பிளூம் என்ற இரண்டு பேர். அது பெரியவர்களுக்கானது. வங்கிக் கடன், கடன் அட்டை, காசில்லாத காசோலை எழுதினது, பங்கு விற்றது என்றெல்லாம் அதில் வரும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு எங்கே காசோலை? அதனால் 1993-இல் மினசோட்டாவில் விண்டர்ஸ் என்பவரும் அவருடைய ஆட்களும் அதை வெட்டிக் குறைத்து, பிள்ளைகளுக்கு ஏற்றதாகப் பன்னிரண்டு கேள்வியாக்கினார்கள். ஒரு "ஆம்" வரைக்கும் பயமில்லை, இரண்டு மூன்று என்றால் கவனிக்க வேண்டும், நாலும் அதற்கு மேலும் என்றால் பிரச்சினை என்று கணக்கு வைத்தார்கள். அதுவும் ஆண் பிள்ளைகளிடம்தான் சரியாக வேலை செய்தது. பெண் பிள்ளைகளைப் பற்றி அதை வைத்துப் பெரிதாகச் சொல்ல முடியவில்லை. அதே காலத்தில் இங்கிலாந்தில் ஃபிஷர் என்ற அம்மையார் அங்கத்தைய பிள்ளைகளுக்கு வேறொரு தாள் செய்தார். அங்கே பிள்ளைகளின் பைத்தியம் காசு போட்டு இழுக்கிற மெஷின். அவர் கேட்டது என்ன தெரியுமா? மதியச் சாப்பாட்டுக் காசை, பஸ் காசை அதில் போட்டாயா என்று. பாருங்கள், பிள்ளையின் கையில் எந்தக் காசு இருக்கிறதோ அந்தக் காசைப் பற்றிக் கேட்டிருக்கிறார். எனக்கு அந்த அம்மையாரின் கேள்வி பிடிக்கும்.

அப்புறம் கனடாவில் லடூசர் என்பவரும் அவருடன் வேலை செய்தவர்களும் 2000-ஆம் ஆண்டில் ஒரு விஷயத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். அந்தச் சவுத் ஓக்ஸ் கேள்விகள் ஆட்களுக்கு விளங்குகின்றனவா? பெரும்பாலானோருக்கு எல்லாக் கேள்வியும் சரியாக விளங்கவில்லை. கேள்வியை விளக்கிச் சொல்லித் திரும்பக் கேட்டபோது, பிரச்சினைக்காரர் என்று கணக்கில் வந்தவர்களின் தொகை குறைந்துவிட்டது. அவர்களுடைய சொந்தப் பாஷையிலேயே அந்தக் கதி. நான் ஒரு இரவில் தமிழாக்கினது என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே அடுத்த தடவை வேறு விதமாகச் செய்தோம். ஒருவர் தமிழாக்கினார். ஆங்கிலத் தாளைப் பார்த்திராத இன்னொருவர் அந்தத் தமிழைத் திரும்ப ஆங்கிலமாக்கினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எங்கே கோணல் என்று தெரியும். ஆனால் அது மட்டும் போதாது. இரண்டு பேரும் படித்தவர்கள், டவுன்காரர்கள். "சூதாட்டம்" என்றால் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். எனவே வாசிகசாலைத் திண்ணையில் ஆறேழு பையன்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாக வாசித்தோம். பதில் சொல்ல வேண்டாம், இந்தக் கேள்வி என்ன கேட்கிறது என்று உன் வாயால் சொல்லு என்றோம். அங்கேதான் பாடம் படித்தேன்.

முதலில் பெயர். "சூதாட்டம்", "பந்தயம்" என்ற சொற்களை விட்டுவிட்டோம். பிள்ளைகள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்டோம். காசு வைத்துக் கெரம் விளையாடினாயா? முந்நூற்றி நாலு, ரம்மி? காசுக்கு சொஃப்ட்போல் மேட்ச்? லொத்தர் டிக்கட்? புக்கியில் குதிரைக்குக் காசு கட்டினாயா, யாரையாவது கட்டச் சொல்லிக் கொடுத்தாயா? போனில் மேட்சுக்கோ வேறு விளையாட்டுக்கோ காசு போட்டாயா? "சீட்டு" என்ற சொல்லை எங்கேயும் வைக்கவில்லை. அந்தச் சொல்லுக்கு நம்ம தோட்டத்தில் மூன்று அர்த்தம்: கடதாசி விளையாட்டு, லொத்தர் டிக்கட், அம்மாமார் பிடிக்கிற சீட்டு. மூன்றாவது இல்லாவிட்டால் எத்தனையோ வீட்டில் பிள்ளைக்குச் சப்பாத்து வாங்க முடியாது.

லொத்தரில் ஒரு சங்கடம். அப்பா "போய் ஒரு மஹஜன சம்பத வாங்கிட்டு வா" என்று பிள்ளையை அனுப்புகிறார். டிக்கட் அப்பாவுடையது. பிள்ளை "வாங்கினேன்" என்று எழுதுகிறது. அதனால் "உன் காசில், உனக்காக" என்று சேர்த்தோம். இது கூடத் தேவையா என்று கேட்பீர்கள். தேவை. தேசிய லொத்தர் சபை 1963-இல் இருந்து இருக்கிறது, அபிவிருத்தி லொத்தர் சபையும் பல வருஷமாக இருக்கிறது. அரசாங்கமே விற்கிற டிக்கட்டைப் பிள்ளைகள் விளையாட்டு என்றும் நினைப்பதில்லை, பிழை என்றும் நினைப்பதில்லை.

அடுத்தது, தோற்ற காசைப் பிடிக்க இன்னொரு நாள் திரும்பப் போனாயா என்ற கேள்வி. வைத்தியர்கள் இதைப் பெரிய அறிகுறியாகப் பார்க்கிறார்கள். மாட்டிக்கொண்டவன் நிறுத்த மாட்டான், பிடிக்கப் போவான். ஆனால் எங்கள் பையன்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டே ஆம் என்றார்கள். "போன ஞாயிறு கீழ் டிவிசன்காரன்கிட்டத் தோத்தோம், இந்த ஞாயிறு ரிட்டன் மேட்ச் வச்சோம் மிஸ்." அது வேறு, இது வேறு. கேள்வியை மாற்றினோம்: "போன காசை எப்படியும் பிடிக்கணும் என்று, கையில் காசு இல்லாதபோதும் வேறு காசு புரட்டித் திரும்பப் போட்டாயா?" இதை வாசித்தபோது சிரிப்பு நின்றது. இரண்டு பேர் நிலத்தைப் பார்த்தார்கள்.

காலத்தையும் மாற்ற வேண்டி வந்தது. "கடந்த பன்னிரண்டு மாதங்களில்" என்றால் பிள்ளைக்கு ஒரு கணக்கும் வராது. "போன தீபாவளியில இருந்து இன்றைக்கு வரைக்கும்" என்றால் உடனே சொல்கிறான். ஆனால் தீபாவளிக் கிழமையில் எல்லாரும்தான் கடதாசி பிடிக்கிறார்கள், தாத்தா உட்பட. ஆகவே தீபாவளி, சித்திரை வருஷப்பிறப்பு நாட்களைத் தனியாகவும் மற்ற நாட்களைத் தனியாகவும் கேட்டோம்.

திருடினாயா என்று கேட்டால் ஒருத்தனும் ஆம் போட மாட்டான். நானும் போட மாட்டேன். "வீட்டில் கேட்காமல் எடுத்தாயா? அரிசி டின்னில், அம்மாவின் சுருக்குப்பையில், அப்பாவின் சட்டைப் பையில்?" என்று கேட்டோம். டியூஷன் காசு, பஸ் காசு, ரீலோட் போடத் தந்த காசு என்று பெயர் சொல்லிக் கேட்டோம். "கவலைப்பட்டாயா?" என்ற கேள்வியும் வேலை செய்யவில்லை. தோற்றால் யார்தான் கவலைப்படாமல் இருப்பது? "அதை நினைத்து ராத்திரி தூக்கம் வராமல் கிடந்தாயா?" என்று மாற்றினோம்.

இவ்வளவு மாற்றினால் அது பழைய தாளா, புதுத் தாளா என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. மினசோட்டாக்காரர் வைத்த நாலு "ஆம்" என்ற கோட்டை நாம் அப்படியே இங்கே தூக்கி வைக்க முடியாது. கேள்வி மாறினால் கோடும் மாறும். கனடாவில் 2010-இல் இளைஞர்களுக்கென்றே ஒரு தாளை ஆரம்பத்தில் இருந்து புதிதாகச் செய்தார்கள், ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஒன்றாகவே. ஒன்றை எழுதி மற்றதற்கு மாற்றவில்லை. நமக்கும் ஒருநாள் தமிழிலும் சிங்களத்திலும் அப்படி வர வேண்டும். அது வரைக்கும் நமது தாள் ஒரு பேச்சைத் தொடங்குவதற்கான சாமான்தான்.

மருத்துவிச்சி அம்மா கர்ப்பிணித் தாயின் கண் இமையை இழுத்துப் பார்க்கிறார் அல்லவா? வெளிறியிருந்தால், உனக்கு இரத்தம் இல்லை என்று அங்கேயே முடிவு கட்டுகிறாரா? இல்லை. ஆஸ்பத்திரிக்கு அனுப்பி இரத்தம் பார்க்கச் சொல்கிறார். இந்தத் தாளும் இமையை இழுத்துப் பார்க்கிற வேலைதான். ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். நூறு பிள்ளைகளில் உண்மையாக மாட்டிக்கொண்டவர்கள் ஐந்து பேர் என்று வைத்துக்கொள்வோம். தாள் அதில் நாலு பேரைப் பிடிக்கிறது, நல்ல தாள்தான். மற்றத் தொண்ணூற்றைந்து பேரில் பத்துப் பேரைப் பிழையாகக் காட்டுகிறது. மொத்தம் பதினாலு பெயர். அதில் உண்மை நாலு, பிழை பத்து! பெயர்ப் பட்டியலை வாசலில் நின்று வாசித்தால் பத்துப் பிள்ளைக்கு அநியாயம். நான் ஒரு பிள்ளைக்குச் செய்தது அதுதான்.

இது ஏதோ வெளிநாட்டு நோய், நமக்கு இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். கடலுக்கு அந்தப் பக்கம் கேரளாவில், எர்ணாகுளம் மாவட்டத்தில், மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்து 2017-இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஏறக்குறைய ஐயாயிரம் பேரில் 1400 பேர் எப்போதாவது காசு வைத்து விளையாடியவர்கள். அதில் 353 பேருக்கு அது பிரச்சினையாகிவிட்டது. விளையாடின நாலு பேரில் ஒருவர். கிரிக்கட், ஃபுட்போல் மேட்சுக்குக் காசு கட்டுவதுதான் அங்கே முதலிடம், அடுத்தது லொத்தர். நம் தோட்டத்துக்கு இந்த எண் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. போன் இருக்கிற இடமெல்லாம் இது இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

இன்னொரு விஷயம். இந்த ஆய்வுகளில் முக்கால்வாசி பள்ளிக்கூடத்தில் நடப்பவை. நம்ம பிள்ளைகளில் எத்தனை பேர் சாதாரண தரத்தோடு நின்று கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகிறார்கள்? மாதச் சம்பளம் கையில், தங்குகிற இடத்தில் பெரியவர்கள் இல்லை, பக்கத்துத் தெருவில் புக்கி. தீபாவளிக்கு வரும்போது சிலர் புதுச் சட்டையோடு வருகிறார்கள், சிலர் பஸ்ஸுக்குக் கடன் வாங்கி வருகிறார்கள். அவர்களிடம் தாள் போவதே இல்லை. அவர்களைப் பார்க்கிறவர்கள் நீங்கள்தான்.

பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். தாளை நீங்கள் கையில் எடுக்க வேண்டாம். அப்பா பெல்ட்டோடு நின்று "நீ போன்ல காசு போட்டியா?" என்று கேட்டால், பதில் எல்லாம் "இல்லை"தான். 1997-இல் இரண்டே கேள்வியில் ஒரு சோதனை வந்தது: வரவரக் கூடுதலாகக் காசு போட வேண்டும் போல் இருந்ததா, எவ்வளவு போட்டாய் என்பதை உனக்கு வேண்டியவர்களிடம் மறைத்துப் பொய் சொன்னாயா? அவ்வளவுதான். அந்த இரண்டாவது விஷயம் உங்களுக்குக் கேட்காமலே தெரியும். கொடுத்த காசுக்குக் கணக்கு வராது. போன் மணி அடித்தால் வெளியே போய்ப் பேசுவான். கடைப்பத்துக் கொப்பியில் நீங்கள் வாங்காத சாமான் ஏறியிருக்கும். மேட்ச் முடிந்த ராத்திரி சோறு வேண்டாம் என்பான்.

பேச்சு முடிந்ததும் பின்னால் இருந்த ஒரு அம்மா எழும்பிக் கேட்டார்: "அப்படித் தெரிஞ்சா யார்கிட்ட போறது மிஸ்? தலைவர்கிட்ட சொன்னா தோட்டம் பூரா தெரிஞ்சிரும். துரைகிட்ட சொன்னா வேலை குடுக்கமாட்டாங்க."

அந்த அம்மா கேட்டது சரிதான். பிள்ளைகள் எழுதின தாள் தோட்டக் காரியாலயத்துக்கும் போகாது, பள்ளிக்கூடத்துக்கும் போகாது, தலைவரிடமும் போகாது. இந்தத் தடவை தாளில் பெயரே இல்லை. பேச விரும்புகிற பிள்ளை ஒரு மூலையில் அடையாளம் போட்டுத் தன் கையாலேயே தாளை என்னிடம் தர வேண்டும், அவ்வளவுதான். தேவையானால் அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநல கிளினிக்குக்கு நானே கூட்டிப் போகிறேன். காய்ச்சலுக்குப் போகிற அதே ஆஸ்பத்திரி, யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். போனில் பேச வேண்டுமென்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கம் இருக்கிறது. காசு கடன்பட்டு, செத்துப் போகலாம் என்று பிள்ளை ஒரு வார்த்தை விட்டால், விடியும் வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கு ராத்திரியே கூட்டிப் போங்கள். தோட்ட லொறியை எழுப்பியாவது போங்கள்.

அந்த முதல் பையனைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். அவன் அம்மாவிடம் போய், இந்தத் தடவை உள்ளே உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, மன்னிப்புக் கேட்டேன். அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். பையன் பேசவில்லை. ஆனால் திண்ணையில் புதுத் தாளை வாசித்தபோது அவனும் வந்து உட்கார்ந்தான். "சீட்டுன்னு போடாதீங்க மிஸ்" என்று முதலில் சொன்னது அவன்தான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை, கோயில் பூசை முடிந்த பிறகு, இதே வாசிகசாலையில் தாளை வாசிக்கப் போகிறோம். பதினைந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை அனுப்புங்கள். பெண் பிள்ளைகளும் வர வேண்டும். அவர்களிடம் இதுவரைக்கும் யாரும் சரியாகக் கேட்டதே இல்லை. பெரியவர்கள் அன்றைக்குக் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.